செவ்வாய்க்கிழமை வாசகர்

அத்தியாயம் 4

மூன்று வருடமாக யாரும் பேசாத அந்த ஃபோன், பல் பிடுங்கும் குறடுகளுக்கு நடுவில் கிடந்து உறுமியது.

வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்த பல் டாக்டர் குழாயைக்கூட மூடவில்லை. ஈரக்கையோடு பாய்ந்தார். திரையைப் பார்த்தார். அந்த ஐம்பது வயது முகத்தில் பள்ளிக்கூடப் பரீட்சை முடிவு பார்க்கும் பெண் ஒருத்தி வந்து போனாள்.

"வந்துடுச்சு. சொன்னேனே, வந்தா செவ்வாய்க்கிழமைதான் வரும்னு."

நோயாளிகள் உட்காரும் சாய்வு நாற்காலியில் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு நாற்காலி இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பறிய ஆரம்பித்த பிறகும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

அவர் பக்கத்தில் நின்றிருந்தாள் அவருடைய உதவியாளர். வாய் ஓயாது என்பதால் அவளுக்குப் பெயர் சில்வண்டு.

"படிங்க டாக்டர்" என்றார் சர்வேயர்.

"வாசகர் எண் போட்டிருக்கு. 'உங்கள் தேடலுக்குரிய ஆவணம் வந்துள்ளது. வாசிப்பு அறையில் பெற்றுக்கொள்ளவும்.' மத்திய நூலகத்துல இருந்து. அவன் எண்தான். என் தம்பி எண்."

"இது தம்பியோட ஃபோன்?"

"வீட்ட விட்டுப் போறப்ப சாப்பாட்டு மேசையில வெச்சுட்டுப் போனது. கல்லூரியில உலக வரலாறு பாடம் எடுத்துட்டு இருந்தான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு வகுப்பு கிடையாது, நூலகத்துக்குப் போயிடுவான். இப்பவும் போறான். உயிரோட இருக்கான், இதே ஊர்ல இருக்கான். நூலகத்துக் கவுன்ட்டர்ல போய்க் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எங்க உக்காந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் மன்னிப்பு கேட்டுக்கறேன். வேற எதுவும் வேணாம்."

"போலீஸ்ல சொல்லலையா?" சில்வண்டு கேட்டாள்.

"அவன் காணாமப் போகலம்மா. நான் 'போ'ன்னேன், போனான்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சில்வண்டு போய் மூடினாள்.

"எங்கப்பா போனப்ப இவன் வேற நாட்டுல ஏதோ ஆவணக் காப்பகத்துல இருந்தான். தகவல் சொல்லியும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வந்தான். 'அந்த ஆவணப் பெட்டிய அன்னிக்கு விட்டா மறுபடி திறக்க வருஷக் கணக்காகும்க்கா'ன்னான். கொரில்லா மாதிரி கத்தினேன். 'செத்து இருநூறு வருஷமானவங்களுக்கு இருக்கற மரியாதை நேத்துச் செத்த அப்பாவுக்கு இல்ல உன்கிட்ட. போ, அவங்ககிட்டயே போயிரு'ன்னேன். வேலைய விட்டான், வீட்ட விட்டான். புது நம்பர்ல இருந்து கூப்பிட்டான். பிளாக் பண்ணேன்."

"எதப் பத்தி ஆராய்ச்சி?"

"அந்தக் காலத்துல கப்பல்ல கொள்ளைநோய் வந்தா, பயணிகள ஊருக்குள்ள விடாம ஒரு தீவுல இறக்கி அடைச்சு வைப்பாங்களாம். உலகம் பூரா துறைமுகத்துக்குத் துறைமுகம் இப்படித் தீவுங்க. அங்க செத்தவங்க பேரையெல்லாம் தேடினான். வீட்டுக்குச் சேதி போய்ச் சேராதவங்க."

சர்வேயர் நாற்காலியில் இருந்து எழ முயன்றார். நாற்காலி இன்னும் சாய்ந்தது.

"அது பல்லப் பிடுங்காம விடாது சார்" என்று சொல்லி, சில்வண்டு கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

*

நூலகத்தின் தரைத்தளத்தில் உறுப்பினர் கவுன்ட்டர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், கேள்வியை முழுதாகக் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

"வாசகர் யாரு, என்ன படிக்கறாரு, வர்றாரா, வரலையா, எதுவும் சொல்ல மாட்டோம். போலீஸ் வந்தாலும் கோர்ட் உத்தரவு வேணும்."

"அவரோட அக்கா வந்து கேட்டப்பவும் இதான் சொன்னீங்களா?"

"அக்கா கேட்டாலும் அதான், ஆண்டவன் கேட்டாலும் அதான்."

படிக்கட்டுப் பக்கம் வந்ததும் சில்வண்டு ஆரம்பித்தாள். "நம்ம ஊர்ல ஒரு ரகசியம் காப்பாத்தப்படற இடம் இருக்குன்னு இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது. இனிமே என் வயசை இங்கதான் சொல்லி வெக்கணும்."

"வாசகரப் பத்திதான் கேக்கக் கூடாது. வாசிக்கறது எப்படின்னு கேக்கலாம்" என்றார் சர்வேயர். "நீ இப்போ ஆராய்ச்சி மாணவி."

"முப்பத்தஞ்சு வயசுலயா?"

"முனைவர் பட்டத்துக்கு அது சின்ன வயசு. தம்பி தேடின விஷயத்தையே நீயும் தேடு. அவர் என்ன வழியில போனாரோ அதே வழிய உனக்கும் காட்டுவாங்க. எங்க போய் நிக்குதுன்னு பாப்போம். நான் சுத்திட்டு வரேன்."

மூன்றாவது மாடி. வாசிப்பு அறையின் கதவில், குண்டு குண்டான கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'பேனாவை வெளியே விடவும். பென்சில் உள்ளே கிடைக்கும்.' உள்ளே நீண்ட மேசைகள், பச்சை விளக்குகள், தும்மலுக்குக்கூட மன்னிப்புக் கேட்கும் முகங்கள். ஒரு மூலையில் பழைய பத்திரிகைகளைச் சுருளில் படமெடுத்த மைக்ரோஃபிலிமைப் படிக்கும் கருவிகள் நான்கு, தலை குனிந்த கொக்குகள் மாதிரி நின்றன.

நடுவில், தேடி வருபவர்களுக்கு வழி காட்டும் நோக்கு நூலகர். வெட்டிவிட்ட நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அறையில் எல்லோரும் ரெஃபரன்ஸ் அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"மேடம், எனக்கு உலக வரலாறு வேணும்" என்றாள் சில்வண்டு.

"எவ்வளவு?"

"ம்?"

"இந்த மாடி பூரா அதான். லாரி கொண்டு வந்திருக்கீங்களா?"

தன்னைவிட வேகமான வாயைச் சில்வண்டு சந்திப்பது அபூர்வம். சுதாரித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆனது. "இல்ல மேடம்... நோய்க் காலத்துல கப்பல் பயணிகள அடைச்சு வெச்ச தீவுங்க. அதப் பத்தி."

ரெஃபரன்ஸ் அம்மாவின் கையில் இருந்த பென்சில் நின்றது. உடனே மறுபடி ஓடியது.

"எந்த நாடு? எந்த வருஷம்?"

"எல்லா நாடும். எல்லா வருஷமும்."

"அதுக்கு எல்லா வருஷமும் வாழ்ந்தாதான் முடியும். உக்காருங்க."

அரை மணி நேரம் சில்வண்டுக்குப் பாடம் நடந்தது. முதலில் கலைக்களஞ்சியம். படித்து முடிக்க அல்ல. கட்டுரை முடிவில் எந்தப் புத்தகங்களைச் சொல்கிறார்கள் என்று பார்க்க. அவற்றில் கடைசியாக வந்த புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து படிக்க வேண்டும்.

"கடைசிப் பக்கத்துல இருந்தா? நான் துப்பறியும் கதையே அப்படித்தான் படிப்பேன்."

"அங்க கொலைகாரன் இருப்பான். இங்க நூற்பட்டியல் இருக்கும். ஆசிரியர் யார்கிட்ட இருந்து எடுத்தார்ங்கறது அதுல தெரிஞ்சுடும். அந்த ஆளப் பிடிச்சா அவர் யார்கிட்ட எடுத்தார்னு தெரியும். அப்படியே பின்னாடி போயிட்டே இருக்கணும், நேர்ல பாத்தவன் எழுதினது கிடைக்கற வரைக்கும்."

"இணையத்துல ஒரே தட்டா தட்டிட முடியாதா?"

"தட்டலாம். ஒவ்வொரு நாடும் தன் பழைய செய்தித்தாள தனித்தனியா ஏத்தி வெச்சிருக்கு. ஒரு துறைமுகத்துல அந்த இடத்த 'லாசரெட்டோ'ன்னு சொல்வான், இன்னொரு இடத்துல காய்ச்சல் தீவும்பான், வேற பத்திரிகையில வெறும் நிலையம்னு போட்டு விட்டுடுவான். நீங்க ஒரு வார்த்தையப் போட்டா ஒரு ஊர்ச் சாவுதான் வரும். அது மட்டும் இல்ல. மங்கின அச்சைக் கம்ப்யூட்டர் தப்புத் தப்பா படிக்கும். எப்படியெல்லாம் தப்பா படிக்கும்னு யோசிச்சு, அந்தத் தப்பையும் சேர்த்துப் போடணும். நல்ல தேடல் ஒண்ண எழுதி முடிக்கறதுக்குள்ள சிலருக்கு வருஷக் கணக்காகும்."

"அவ்வளவு பாடுபட்டு எழுதினத ஒவ்வொரு தடவையும் மறுபடி அடிக்கணுமா?"

"தேவையில்ல. கீழ பாருங்க, 'தேடலைச் சேமி'ன்னு இருக்கா? அத அழுத்திட்டா நீங்க தூங்கினாலும் அது தேடும். உலகத்துல எந்த நூலகம் புதுசா எதை ஏத்தினாலும், உங்க தேடலுக்குப் பொருந்தினா தானா உங்க ஃபோனுக்குச் சேதி வரும். ஃபிலிம்னா எங்களுக்கும் ஒரு சேதி வரும், எடுத்து வெப்போம்."

"சேதி எப்ப வரும்?"

"திங்கட்கிழமை பட்டியலப் புதுப்பிப்பாங்க. செவ்வாய்க்கிழமை காலையில வரும்."

சில்வண்டின் வாய் ஏதோ ஒரு நகைச்சுவைக்காகத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

செவ்வாய்க்கிழமை.

யாரும் நூலகத்துக்கு வரவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்த அக்காவோடு பேசிக்கொண்டிருந்தது ஒரு இயந்திரம்.

*

புத்தக அலமாரிகளுக்கு நடுவில் சர்வேயரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னபோது அவள் குரலில் வழக்கமான கிண்டல் ஒரு துளி இல்லை.

"அந்தச் சேதியெல்லாம் அவர் அனுப்பச் சொல்லி வந்தது இல்ல சார். எப்பவோ அழுத்தின ஒரு பட்டன். ஆளே வேணாம் அதுக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"பாடம் நடக்கறப்ப கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஆனா ஒண்ணு இடிக்குது. உறுப்பினர் அட்டை எவ்வளவு நாள் செல்லும்?"

"ஒரு வருஷம். கீழ பலகையில போட்டிருந்தாங்க. நேர்ல வந்து புதுப்பிக்கணும், இல்லேன்னா கணக்கே அழிஞ்சிடும்."

"கணக்கு அழிஞ்சா சேமிச்ச தேடலும் அழியும். அழியல. அப்போ வருஷா வருஷம் யாரோ புதுப்பிக்கறாங்க. இங்க வா."

மைக்ரோஃபிலிம் கருவிகளுக்குப் பின்னால் இரண்டு ரேக்குகள். ஒன்றின் மேல் 'வந்தவை', மற்றொன்றின் மேல் 'நடப்பில் உள்ளவை'. வாசகர் வந்து கேட்காத ஃபிலிம் பெட்டி முதல் ரேக்கில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வந்து கேட்டுப் படிக்க ஆரம்பித்தால்தான் இரண்டாவது ரேக்குக்கு மாறும்.

சர்வேயர் விரலால் காட்டினார். இரண்டாவது ரேக்கில், தம்பியின் வாசகர் எண்ணோடு மூன்று பெட்டிகள்.

சில்வண்டு சர்வேயரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார்! அப்போ வர்றாரு! படிக்கறாரு! டாக்டருக்கு ஃபோன் போடட்டா?"

"போடாதே."

"ஏன்?"

"மத்த பெட்டிகளப் பாரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு சொருகியிருக்கு. எப்படி இருக்கு?"

"அச்சடிச்சு."

"வாசகர் தன் அட்டையக் கருவியில செருகினா அச்சாகி வர்ற சீட்டு. இப்போ தம்பியோட சீட்டப் பாரு."

பார்த்தாள். மூன்றும் கையால் எழுதியவை. பென்சிலில். குண்டு குண்டான எழுத்து.

"அட்டையே வரல. பெட்டி மட்டும் மாறியிருக்கு" என்றார் சர்வேயர். "இந்தக் கையெழுத்த நீயும் பாத்திருக்க. உள்ள வர்றப்ப உன் பேனாவ வெளிய விடச் சொன்னது இதுதான்."

சில்வண்டு மெதுவாகத் திரும்பினாள். ரெஃபரன்ஸ் அம்மா தூரத்தில் இருந்து அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"உங்களுக்கு அந்தத் தீவுங்க வேணாம், இல்லையா?"

"மன்னிக்கணும் மேடம்" என்றார் சர்வேயர். "வாசகரப் பத்திச் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கிட்டா போதும். அவரோட அக்கா எங்கள அனுப்பினாங்க."

"அக்காவா?" அந்த அம்மாள் ரேக்கைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு அக்கா இருந்தாங்களா? உயிரோட?"

"இங்கயே வந்து கேட்டிருக்காங்க. கீழ கவுன்ட்டர்ல."

"கீழயா..." ரெஃபரன்ஸ் அம்மா தரையைப் பார்த்தார், அதைத் துளைத்துக்கொண்டு தரைத்தளம் தெரியும் என்பது போல. "மூணு மாடி ஏறி வந்திருக்கக் கூடாதா? இல்ல, கீழ இருக்கறவங்களாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மைக்ரோஃபிலிம் கருவிகளில் ஜன்னலோரக் கருவி காலியாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இங்கதான். தினமும் இங்கதான் இருப்பாரு. ஒரு நாள் மத்தியானம் ஃபிலிம் முடிஞ்சு வெறும் சுருள் சுத்துற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நிறுத்த மாட்டேங்கறாரேன்னு திட்டப் போனேன். மேசையில சாஞ்சிருந்தாரு. நெஞ்சைப் பிடிச்சுட்டு. ஆம்புலன்ஸ்ல நான்தான் கூடப் போனேன். மறுநாள் வரைக்கும் இருந்தாரு."

சில்வண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"எப்போ மேடம்?" என்றார் சர்வேயர்.

"மூணு வருஷம் ஆகப் போகுது. வேலைய விட்டுட்டு முழு நேரமா இங்க வர ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம்தான் இருக்கும்."

"வீட்டுக்குத் தகவல்?"

"அவசரத்துக்குத் தொடர்புன்னு ஒரு நம்பர் குடுத்திருந்தாரு. இந்தக் கணக்குக்கும் அதே நம்பர்தான். அப்பப்ப அடிச்சுட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில அடிச்சாங்க, போலீஸ்ல அடிச்சாங்க. அணைச்சு வெச்சிருக்குன்னே வந்துச்சு. கடைசியில இந்த அறையில படிக்கறவங்களாச் சேர்ந்துதான் எல்லாம் செஞ்சோம். ஒரு மாசம் போல அடிச்சுப் பாத்துட்டு, செத்துப்போன நம்பர்னு விட்டுட்டேன்."

சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன ஃபோன். அக்கா தன் சொந்த நம்பரில் அவனைத் தடுத்து வைத்திருந்தாள். அவளை எட்ட மிச்சமிருந்த ஒரே வழி என்று அவன் நம்பியது, அவள் கண் முன்னால் விட்டு வந்த அந்தக் கருவியை.

சர்வேயர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அட்டைய ஏன் புதுப்பிச்சீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கணக்கு போனா தேடல் போயிடும். எத்தனை மொழி, எத்தனை தீவு, எத்தனை தப்பு... அதையெல்லாம் ஒண்ணு சேர்த்து எழுதியிருந்தாரு. அந்த மாதிரி இன்னொருத்தர் எழுத மாட்டாங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துட்டே இருக்கு. யாராவது பாக்க வேணாமா? சாப்பாட்டு இடைவேளையில நான் பாக்கறேன். எங்கயோ ஒரு ஊர்ல, எவனோ ஒருத்தனோட பேர் கிடைக்கும். எடுத்து வெப்பேன்." குரல் இறங்கியது. "சேதி அந்த நம்பருக்குப் போகும்னு தெரியும். யாரும் பாக்கலைன்னு நினைச்சுட்டேன். அதை ஒருத்தர் இத்தனை நாள் பாத்துட்டு இருந்தாங்கன்னா... கடவுளே, நான் என்ன பண்ணியிருக்கேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"வீட்டுக்காரங்க வந்து சொன்னா கணக்கை மூடணும். அதுதான் விதி. சொல்லச் சொல்லுங்க, மூடிடறேன்." எழுந்தவர் நின்றார். "ஆம்புலன்ஸ்ல யாரையோ பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு. அது அக்காதான்னு இப்பத்தான் புரியுது. அவங்க கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா வேணாம்."

சொன்னார்.

சில்வண்டு அந்த அறையை விட்டு வெளியே போனாள்.

*

திரும்பும் வழியெல்லாம் மழை. பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்று இருவரும் அடித்தொண்டையில் சண்டை போட்டார்கள்.

"செத்துட்டார்னு சொல்லுவோம். அந்த ஃபோனுக்கு அடிச்சுப் பாத்த விஷயம் வேணாம்" என்றார் சர்வேயர்.

"பொய் சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம விடறது பொய் இல்ல. சர்வீஸ் பூரா அதத்தான் பண்ணேன்."

"அதனாலதான் உங்கள யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடறது இல்ல."

"யோசிச்சுப் பாரு. அந்த ஃபோன ஆன் பண்ணி வெச்சிருந்தா தம்பிய ஒரு தடவை பாத்திருக்கலாம்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

பஸ் வந்தது. ஏறினார்கள்.

*

கிளினிக்கில் கடைசி நோயாளிக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. டாக்டர் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

"நின்னுட்டே சொல்லுங்க. உக்காந்தா நேரம் ஆகும்."

சர்வேயர் சொன்னார். சேமித்த தேடலைப் பற்றி, செவ்வாய்க்கிழமையைப் பற்றி, ஜன்னலோரக் கருவியைப் பற்றி. சுருக்கமாக, சேத அறிக்கை போல. அப்படித்தான் அவருக்குச் சொல்ல வரும்.

டாக்டர் குறடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி.

"எப்போ?"

"வீட்ட விட்டுப் போன ரெண்டு மூணு மாசத்துலயே."

"யாரும் எனக்குச் சொல்லலையா?"

"அவங்ககிட்ட உங்க நம்பர் இல்லம்மா."

"சர்வேயர் சார்" என்றார் டாக்டர். "நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் வலிக்காதுன்னு பொய் சொல்றவ. பொய் சொல்ற முகம் எனக்குத் தெரியும்."

சர்வேயர் தலை குனிந்துகொண்டார்.

"அவன் போன அன்னிக்கே அந்த ஃபோன அணைச்சு அலமாரியில எறிஞ்சேன். அரை வருஷம் கழிச்சுக் கோபம் தணிஞ்சுதான் எடுத்தேன். போட்ட உடனே கடகடன்னு சேதி. இந்த நேரத்துல இந்த நம்பர் உங்கள அழைத்ததுன்னு. அதுல ஒரே நம்பர் திரும்பத் திரும்ப இருந்துச்சு. திருப்பிக் கூப்பிட்டேன். 'ஜெனரல் ஆஸ்பத்திரி, எந்த வார்டு வேணும்?'னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?" என்றாள் சில்வண்டு.

"வெச்சுட்டேன். வார்டு பேரைச் சொன்னாத்தானே நடந்ததா ஆகும்? நூலகச் சேதி எல்லாம் அதுக்குக் கீழ இருந்துச்சு. தேதியப் பாத்தேன். ஆஸ்பத்திரி கூப்பிட்டதுக்கு அப்புறமும் நூலகத்துல இருந்து சேதி வந்திருக்கு. அப்போ குணமாகி, எழுந்து, படிக்கப் போயிட்டான்னுதானே அர்த்தம்? நானே கணக்குப் போட்டேன். சரியா வந்துச்சு." தட்டில் கடைசிக் குறடை வைத்தார். "சேதி வந்த ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சரியா வந்துச்சு."

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"ஏதாவது சொன்னானா?"

சர்வேயர் வாயைத் திறந்து மூடினார். முப்பது வருடப் பழக்கம். சொல்லாமல் விடுவது. சில்வண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சொன்னாருக்கா." டாக்டர் என்று கூப்பிட மறந்துவிட்டாள். "ஆம்புலன்ஸ்ல. நூலகத்து அம்மா பக்கத்துல உக்காந்து நம்பரப் போட்டுட்டே இருந்தாங்களாம். லைன் கிடைக்கலைன்னு அவங்க முகம் வாடினத அவர் பாத்திருக்காரு. அவங்களுக்குத்தான் ஆறுதல் சொன்னாராம். 'கொஞ்சம் பொறுங்க, எடுப்பா. கையில கிளவுஸ் போட்டிருப்பா. கழட்டிட்டு எடுப்பா'ன்னு."

டாக்டர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். உள்ளங்கை, பிறகு புறங்கை. எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல, சாய்வு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். அழுகை வந்தபோது சத்தம் இல்லை. தோள் மட்டும் ஆடியது. சில்வண்டு பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சர்வேயர் கையசைத்து அவளைப் போகச் சொன்னார்.

"அந்தத் தேடல்..." டாக்டர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அத நிறுத்திடுவாங்களா?"

"நீங்க சொன்னா நிறுத்திடுவாங்க. அதுதான் விதி."

"நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. அந்தம்மா எடுத்து வெக்கறதையெல்லாம் நான் போய்ப் பாக்கறேன். எப்படிப் பாக்கணும்னு அவங்க சொல்லித் தரட்டும்."

"சொல்றேன்."

"அப்புறம், நம்பர மாத்தச் சொல்லுங்க சார். என்னோடத போடட்டும்." எழுந்து நின்றார். "நான் எடுக்கறேன்."